யோசிக்காதே பிள்ளை
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துப் பேச்சில் "யோசிக்கிறது" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சிந்திப்பதும் அதுதான், கவலைப்படுவதும் அதுதான். வகுப்பில் ஆசிரியை "யோசித்து எழுது" என்பார். வீட்டுக்குப் போனால் அம்மம்மா "யோசிக்காதே பிள்ளை" என்பார். எண்ணமும் துயரமும் ஒரே வாசலால்தான் வந்து போகின்றன என்பது எங்கள் மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மருத்துவம் அதைச் சற்றுப் பிந்தித்தான் எழுதிவைத்தது. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரொன் பெக் என்ற உளமருத்துவர், மனச்சோர்வுற்றவர்களின் பேச்சில் ஒரே வகையான சறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். ஒரு பாடத்தில் புள்ளி குறைந்தால் "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்பது. தோழி பதில் போடவில்லை என்றால் "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று அவள் மனத்தை நாமே வாசித்து முடிப்பது. தலையிடி வந்தால் பெரிய வருத்தம் என்று முடிவுகட்டுவது. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் உயர்தரப் பெறுபேறு வெளியாகும் இரவில், இசட் புள்ளியைப் பார்த்துவிட்டு அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அது சிரிப்பல்ல. "இந்த முறை மருத்துவபீடம் கிடைக்கவில்லை" என்பதற்கும் "என் வாழ்க்கை முடிந்தது" என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் அந்த இரவில் அவளுக்குத் தெரிவதில்லை. அந்தத் தூரத்தைக் காட்ட ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இவை முட்டாள்தனத்தால் வரும் பிழைகள் அல்ல. எம்மில் பலர் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஹெலியின் சத்தம் தூரத்தில் கேட்டவுடன் பங்கருக்குள் இறங்கிய பிள்ளை உயிர் தப்பினாள். அண்ணா ஆறு மணிக்கு வீடு வராவிட்டால் மிக மோசமானதை நினைப்பதுதான் அன்றைய புத்தி. அப்படிப் பழகிய மனம்தான் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறது. மகளின் கைபேசி இருபது நிமிடம் வேலை செய்யாவிட்டால் அது மறுபடியும் பங்கருக்குள் இறங்கிவிடுகிறது. மகளுக்கு அம்மாவின் பதற்றம் புரியவில்லை. அம்மாவுக்கு மகளின் எரிச்சல் புரியவில்லை. ஒரு காலத்தில் காப்பாற்றிய பழக்கம் இடம் மாறி வந்துவிட்டது என்று இருவருக்கும் சொல்லிக் கொடுத்தால், பாதிச் சண்டை குறையும் என்பது எங்கள் எண்ணம்.

வட்ஸ்அப் குழுக்களையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். உடனே நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் கணக்கிடுகிறது என்று ட்வேர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1970களில் காட்டினார்கள். காலையில் கண் விழித்தவுடன் ஏழு குழுக்களில் ஒரே விபத்தின் படம் வந்தால், மனத்தின் கணக்கில் அது ஏழு விபத்து.

எண்ணம் வருவது எம் கையில் இல்லை. வந்ததை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோம் என்பது வேறு விடயம். சூசன் நோலன்-ஹோக்செமா என்ற ஆய்வாளர் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம், கவலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வினாக்கொத்து கொடுத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 ஒக்டோபர் 17ஆம் திகதி, அங்கே பெரும் பூமியதிர்ச்சி. பிறகு அதே மாணவர்களை மீண்டும் பார்த்தார். ஒன்றையே திரும்பத் திரும்ப மனத்தில் போட்டு அரைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம், ஏழு வாரங்களுக்குப் பிறகும் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. அம்மம்மா சொன்ன "யோசிக்காதே" இதைத்தான்.

ஆனால் "யோசிக்காதே" என்று சொல்வதுடன் நிறுத்தினால், "அழாதே", "வெளியில் காட்டாதே" என்பதும் தானாக வந்து சேர்ந்துவிடும். பெண்பிள்ளைகளான எமக்கு முகத்தை அடக்கி வைத்திருப்பது நன்றாகவே பழக்கப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் குரொஸ் 1990களில் செய்த பரிசோதனைகளில், மனத்தை உலுக்கும் படங்களைப் பார்க்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாதிருக்கும்படி சிலரிடம் கேட்கப்பட்டது. முகம் அமைதியாகத்தான் இருந்தது. உடம்புக்குள் இரத்தக் குழாய்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறுகின. மனவெழுச்சி போகவில்லை, உள்ளே இடம் மாறியது, அவ்வளவுதான். எமது தாய்மார் நெஞ்சு நோ, தலையிடி, பெருமூச்சு என்று வைத்தியசாலைக்குப் போய், "எல்லாச் சோதனையும் சரி" என்ற துண்டுடன் திரும்பி வருவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! ஒப்பாரியை நாகரிகமில்லாதது என்று ஒதுக்கியவர்கள் அதற்குப் பதிலாக எதையும் தரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாத் துயரையும் "சிந்தனைப் பிழை" என்று பெயரிடும் போக்கு இப்போது வந்துவிட்டது. 2022இல் எரிவாயு வரிசையில் நின்றவளின் கவலை பிழையல்ல. அது சரியான கணக்கு. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் தாயிடம் "வேறு விதமாக நினைத்துப் பாருங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவருக்குத் தேவை பதில். பதில் வரும்வரை பக்கத்தில் இருக்க ஆள். பாரத்தில் எது உண்மை, எது மனம் கூட்டிச் சேர்த்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உளவளத்துணை. பாரமே இல்லை என்று சாதிப்பது அல்ல.

ஆகவே பிள்ளை அழுதால் முதலில் அழ விடுங்கள். பிறகு, "என்ன நடந்தது? அதை வைத்து நீ என்ன நினைத்தாய்?" என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னால், அங்கிருந்துதான் கதைக்கத் தொடங்கவேண்டும். அந்தக் கேள்விகளை உங்களிடம் கேட்க, உங்கள் வகுப்பில் ஒருத்தியையாவது வைத்திருங்கள். பிறந்தநாள் வாழ்த்து அனுப்புபவள் அல்ல, இரவு இரண்டு மணிக்கு எழுப்பக்கூடியவள்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குழம்பிப் போனால், அல்லது வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தோழி மட்டும் போதாது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. கனடாவில் 988, இங்கிலாந்தில் 116 123, அவுஸ்திரேலியாவில் 13 11 14. மலர்க்குழுவினர் இவற்றைக் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதற்கு மலரின் அழகு கெட்டாலும் பரவாயில்லை.