மரங் காக்கும் மருந்தும் மகாவலி மீனும்



மகாவலி கங்கையின் கரையிலே அமைந்தது எங்கள் கம்பளை நகர். பதினான்காம் நூற்றாண்டிலே அஃது அரசிருக்கையாக விளங்கிற்று. அக்காலத்தைச் சேர்ந்த எம்பெக்கைத் தேவாலயத்து மரத்தூண்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. வைரம் பாய்ந்த மரமும் மழைபடாத கூரையும் அவற்றைக் காத்தன.

இன்றோ பலாவும் தேக்கும் எளியோர் கைக்கு எட்டாதனவாயின. றப்பர், பைன் முதலிய மெல்லிய மரங்களைக்கொண்டு வேலை முடிக்கின்றோம். கறையானும் உளுப்பும் அணுகாதிருக்க அவற்றுக்கு மருந்து பூசுகின்றோம். அதில் தவறில்லை. பூசிய பின்னர் எஞ்சுவதை என் செய்கின்றோம் என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலைக் கூரையைப் பழுதுபார்த்தோம். வேலை முடிந்ததும், "ஐயா, இந்தத் தகரத்தை எங்கே கழுவுவது?" என்று தச்சர் கேட்டார். பின்புறத்து ஓடையைச் சுட்டிக்காட்டியவன் நான். மறுநாட் காலை மாணவர் சிலர் என்னை அழைத்துச்சென்று காட்டினர். மடுவிலே சிறுமீன்கள் வயிறு மேலாக மிதந்தன. குற்றம் தச்சருடையதன்று, என்னுடையதே.

அத்தகரத்தை எடுத்துப் படித்தேன். சைபர்மெத்திரின் என்னும் பூச்சிநாசினியும், புரொப்பிகொனசோல் என்னும் பங்கசுநாசினியும் அதில் இருந்தன. இரண்டும் மிகச் சிறிய அளவினவே. இத்துணைச் சிறிய அளவு இவ்வளவு தீங்கு விளைக்குமோ என்று ஐயுற்றேன்.

நாட்டு வைத்தியர் மஞ்சளோடு மிளகைச் சேர்ப்பதை நாம் அறிவோம். மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருள், மஞ்சளின் சத்தை உடல் விரைந்து சிதைத்துவிடாதவாறு தடுக்கின்றது. மருந்துக்குப் பொருந்தும் இவ்விதி நஞ்சுக்கும் பொருந்தும். நீர்வாழ் சிற்றுயிரின் உடல் பூச்சிநாசினியைச் சிறிது சிறிதாகச் சிதைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். உடனிருக்கும் பங்கசுநாசினியோ அந்தக் காவலைத் தளர்த்திவிடும். டென்மார்க்கு ஆய்வாளர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே, நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரிடத்தில் இவ்வினக் கலவைகளின் நச்சு கூட்டுத்தொகையினும் மிகுவதைக் கண்டனர். மீன்குஞ்சுகளுக்கு உணவாவன இத்தகைய சிற்றுயிர்களே.

கலவை மருந்து நமக்குப் புதிதன்று. செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகிய மூன்றையும் சேர்த்த மருந்தை 1933ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இந்திய விஞ்ஞானி சொந்தி காமேசன். தந்திக் கம்பங்களையும் மின்கம்பங்களையும் அது நெடுங்காலம் காத்தது. ஆசனிக்குக்கு அஞ்சி, அமெரிக்க உற்பத்தியாளர் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுத் தேவைகள் பெரும்பாலானவற்றிலிருந்து அதனை விலக்கினர். அதற்கு ஈடாக வந்த மருந்துகள் பலவற்றிலே செம்பே முதன்மையானது. மனிதருக்கு அஃது ஆசனிக்கு அளவு கொடிதன்று. ஆயின் மீனின் செவுள்களைச் சிறிதளவு செம்பும் தாக்கும். நமக்குச் சாதுவானது மீனுக்கும் சாதுவென்று எண்ணலாகாது.

"பெரிய ஆற்றிலே கலந்தால் நஞ்சு கரைந்துபோகாதோ?" என்று சிலர் கேட்கலாம். பேராறு ஓரளவு தாங்கும், சிற்றோடை தாங்காது. மேலும், சைபர்மெத்திரின் சேற்றிலே ஒட்டிக்கொண்டு, அடியில் வாழும் உயிர்களை வருத்தும். ஓடைகளின் நீரோ மகாவலியையே சேர்கின்றது. பொல்கொல்லையிலிருந்து 1976ஆம் ஆண்டு முதல் அதில் ஒரு பகுதி வடமத்திய வயல்களுக்கும் செல்கின்றது. லேபியோ பிஷெரி என்னும் மீன் மகாவலி வடிநிலத்துக்கே உரியது, அழிவை எதிர்நோக்கியிருப்பது. இந்நீரன்றி அதற்கு வேறு வீடில்லை.

ஆதலின், நேயர்களே, மரத்துக்கு மருந்து பூசுவோர் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று. தேவையான அளவே வாங்குங்கள். எஞ்சியதை அடுத்த வேலைக்கு மூடி வையுங்கள். தகரத்தையும் தூரிகையையும் ஓடையிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். பூசிய மரம் நன்கு உலரும்வரை மழைபடாது கூரையின்கீழ் வையுங்கள். மருந்தேறிய மரத்தூளை நீரில் கொட்டாதீர்கள். அம்மரத்தை அடுப்பிலும் எரிக்காதீர்கள்.

எங்கள் ஓடையிலே இப்பொழுது மீண்டும் மீன்கள் திரிகின்றன. மாணவர் அவற்றுக்குச் சோற்றுப்பருக்கை இடுவதைக் காணுந்தோறும், அன்று நான் நீட்டிய விரல் என் நினைவுக்கு வருகின்றது.