வலிப்பின் முதல் அசைவு
(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வலிப்பு நோயுற்ற பெண்மணி ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆச் செய்யக் கோரிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அண்ணலார் அவரை ஒதுக்கவில்லை. பொறுமைக்குச் சுவனம் உண்டென நன்மாராயம் கூறினார்கள். நாமோ குழந்தைக்கு வலிப்பு வந்தால் மறைக்கிறோம். பெண் குழந்தையாயின், நாளை மணம் பேச வருவோரை எண்ணி மேலும் மறைக்கிறோம். அதனால் மருத்துவருக்கு வேண்டிய சாட்சியம் மறைந்துவிடுகிறது.

ஓசூர் சிப்காட் ஆலைகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள், இயந்திரத்தில் அதிர்வு முதலில் எங்கே எழுகிறது என்று பார்த்தே பழுதுற்ற பியரிங்கைக் கண்டறிவர். வலிப்பும் அத்தகையதே. கட்டைவிரலில் தொடங்கிக் கை வழியே ஏறும் வலிப்பைக் கவனித்தே, மூளையில் அது பிறக்கும் இடத்தை உய்த்துணரலாம் என ஆங்கிலேய மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1870இல் விளக்கினார்.

வலக்கை மட்டும் முதலில் துடித்தால், தொடக்கம் பெரும்பாலும் இடப்பக்க மூளையில். வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும் உணர்வும் அச்சமும் தோன்றி, பின் வெறித்த பார்வையுடன் உதட்டைச் சப்பினால், காதுக்கு மேலுள்ள பொட்டு மடலை ஐயுறுவர். கண்முன் வண்ண ஒளிவட்டங்கள் தெரிந்தால் பின்தலைப் பகுதியை ஐயுறுவர். உறக்கத்தில் திடீரெனக் கத்தி, கைகால்களை உதறிச் சில நொடிகளில் அடங்குவது முன்மூளை வலிப்பாக இருக்கலாம். இதனையே ஜின்னின் தீண்டல் என மயங்கி, பலர் மாதங்களை வீணாக்குகின்றனர்.

அடையாளம் மட்டும் போதாது. சிறு குழந்தைகளிடம் அது தெளிவாகவும் இராது. ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளும் அதே இடத்தைச் சுட்டினால், மருந்துக்கு அடங்காத குழந்தைகள் சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை நம் ஓசூர் சாலையிலேயே உள்ளது.

தந்தை இரவு ஷிப்டில் இருக்கலாம். வீட்டில் இருப்பவரே சாட்சி. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. மற்றொருவர் செல்பேசியில் படம்பிடிக்கட்டும். முதலில் அசைந்தது எப்பக்கம், கண் திரும்பியது எத்திசை, அழைத்தபோது மறுமொழி உண்டா, முடிந்தபின் எக்கை தளர்ந்தது என எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் கடந்தால் 108ஐ அழையுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

துஆவும் செய்வோம், மருத்துவமும் செய்வோம். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.