பட்டியலில் இல்லாத உழத்தி

(கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



பிஜி என்றதும் உங்கள் நெஞ்சில் எழுவது எது? கரும்பு! மேற்பார்வையாளனின் சவுக்கு! அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கலங்கிப் பாடிய பாட்டு! 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் சென்றது. நம்மவர் சென்றனர், உழைத்தனர், அங்கேயே வேர்விட்டனர்.

1920இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. சவுக்கு போயிற்று. ஆனால் கடல் போயிற்றா? காற்று போயிற்றா? கணக்கெழுதுவோரின் கண்ணுக்கு உழைக்கும் பெண் தெரியாதிருக்கும் அந்தக் குறைதான் போயிற்றா? இல்லை! அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 20. வின்ஸ்டன் என்ற புயல் பிஜியைத் தாக்கிற்று. மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். தென் அரைக்கோளத்தில் கரையேறியதாகப் பதிவான புயல்களில் அதைவிடக் கடுமையானது வேறில்லை. மாண்டவர் 44 பேர். இழப்பு ஏறத்தாழ 200 கோடி பிஜி டாலர். கரும்பு சாய்ந்தது, தென்னை முறிந்தது, வாழை வீழ்ந்தது. நட்டபின் மூன்றாண்டுக்குக் குறையாமல் காத்திருந்து பிடுங்க வேண்டிய கவாச் செடி ஓர் இரவில் அழிந்தது.

கரும்பின் இழப்பைக் கணக்கிடுவது எளிது. ஆலையிலே பதிவு உண்டு. குத்தகைச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டிலே பெரும்பாலும் ஆணின் பெயர் உண்டு. வீட்டுக்குப் பின்னே கிடந்த கத்தரிப் பாத்திக்குப் பதிவு எங்கே? கோழிக் கூட்டுக்குச் சீட்டு எங்கே? பாய் முடையத் தாழை வளர்த்தாளே, அந்தத் தாழங்காட்டுக்குக் கணக்கு எங்கே? ஆற்றங்கரையிலே சிப்பி பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டு சென்றாளே, அந்த வருவாய்க்குச் சான்று எங்கே?

நாடகக்காரன் அல்லவா நான்! ஒரு காட்சியைக் கற்பனை செய்து காட்டுகிறேன். புயல் ஓய்ந்த மறுவாரம். கணக்கெடுக்க அதிகாரி வருகிறார்.

“அம்மா, இந்த வீட்டில் விவசாயி யார்?”

“என் வீட்டுக்காரர் ஐயா.”

“தோட்டத்துக் காய்கறி?”

“அது நான் போட்டது.”

“சந்தையிலே விற்பது?”

“நான்தான்.”

“பிள்ளைகளின் பள்ளிச் செலவு?”

“அந்தக் காசில்தான் ஐயா.”

“சரி, விவசாயியை வரச் சொல்லுங்கள்!”

சிரிக்கிறீர்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி பிஜியின் விவசாயிகளில் பெண்கள் 100க்கு ஏறத்தாழ 14 பேரே! சந்தையிலோ நிலை வேறு. காய்கறிக் குவியலுக்குப் பின்னே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்களே. சந்தையிலே நிறைந்திருப்பவள், பட்டியலிலே மறைந்திருக்கிறாள்!

‘தலைவன் கையில் கொடுத்தால் குடும்பத்துக்குப் போகாதா?’ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் கரும்புக்கென வந்த பணம் கரும்புக் கடனுக்குப் போகும். அது கைக்கு வந்து பயன்தர ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை அடுப்பெரிவது எதனால்? இரண்டு மாதத்தில் காய்க்கும் வெண்டையால், பயற்றங்காயால்! அந்த விதையைக் கேட்கத் தெரிந்தவள் அவள். அவளைக் கேளாமல் கப்பலேற்றிய உதவி, பசிக்கும் வீட்டுக்குப் பருவந்தவறி வந்த மழை!

அவள் உதவிக்குக் கை நீட்டுபவள் மட்டுமல்லள். புயலை எதிர்க்கும் அறிவும் உடையவள். காற்று வருமுன் மரவள்ளியின் தண்டை வெட்டிவிட்டால் வேர் ஆடாது, கிழங்கு பிழைக்கும் என்பது அந்தத் தீவுகளின் பழைய பாடம். ஈரப்பலாவைக் குழியிலிட்டுப் புளிக்கவைத்துப் பஞ்சநாளுக்குக் காப்பதும் அவ்வாறே. ‘பெண்கள் வானிலைக் காவல்’ என்ற அமைப்பை 2004இல் பிஜிப் பெண்களே தொடங்கினர். வானிலை நிலையத்தின் எச்சரிக்கையை ஊர்மொழியில் ஊருக்குச் சொல்வதும், ஊரின் நிலையைத் தலைநகருக்குத் தெரிவிப்பதும் அதன் பணி.

வானிலைத் துறை ஒரு பக்கம், வேளாண் துறை ஒரு பக்கம், பெண்கள் நலத்துறை ஒரு பக்கம், பேரிடர்த் துறை ஒரு பக்கம் என்றிருந்தால், நான்கு கைகளும் ஒரு கயிற்றை நான்கு திசையில் இழுப்பதாக முடியும். முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட நாட்டிலே, கப்பல் ஒருமுறை தவறினால் மறுமுறை எந்நாளோ! ஆகவே இணைப்பு வேண்டும். அந்த இணைப்புக்கு அச்சாணி எது? பட்டியல்!

சான்று தருகிறேன். வின்ஸ்டனுக்குப் பின் பிஜி அரசு, ஏழைகளுக்கும் முதியோருக்கும் மாதந்தோறும் தந்துவந்த உதவித்தொகையோடு, மூன்று மாதத் தொகையைக் கூடுதலாக ஒருசேர அளித்தது. எப்படி முடிந்தது? புயலுக்கு முன்பே பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பணம் போகும் வழி திறந்திருந்தது. 2021இல் சிறு காப்பீட்டுத் திட்டமொன்றும் அங்கே தொடங்கிற்று. காற்றும் மழையும் குறித்த அளவைத் தாண்டினால், வயலை அளக்க ஆள் வராமலே இழப்பீடு வரும். அதிலும் முதல் நிபந்தனை என்ன? முன்னரே பெயர் பதிந்திருக்க வேண்டும்!

பாடம் புரிகிறதா, தோழர்களே? புயலுக்குப் பின் எழுதும் பட்டியல், உரத்துப் பேசுவோரின் பட்டியல். புயலுக்கு முன் எழுதும் பட்டியலே உழைப்போரின் பட்டியலாக முடியும்.

எனவே நாம் வற்புறுத்த வேண்டியவை மூன்று. வீட்டுக்கு ஒரு விவசாயி என்றெழுதாமல், உழுபவர் அனைவரையும் எழுதுக! கரும்பை எண்ணும் கணக்கிலே கத்தரிப் பாத்தியையும் கோழிக் கூட்டையும் எண்ணுக! என்ன விதை, எப்போது என்று முடிவு செய்யும் குழுவிலே, சந்தையிலே அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு இடம் தருக!

கணக்கெடுப்போர் வரும் நாளில் ஊர் முனையிலே நிற்பவன் நீ, தோழனே! ‘விவசாயி யார்?’ என்று அவர்கள் கேட்கும்போது, அடுக்களை வாயிலில் நிற்பவளின் பெயரையும் உரக்கச் சொல். அதை எழுதும்வரை அங்கிருந்து நகராதே!