சீஸ் இல்லாத பீட்சா: அக்கா பையன் கேட்ட ஒரு கேள்வி

இந்த வாரம் கோடிங் இல்ல, அப்ரைசல் புலம்பலும் இல்ல. பீட்சா. அதுவும் சீஸ் இல்லாத பீட்சா. "அதுக்கு சப்பாத்தியே சாப்பிட்டுட்டுப் போலாமே"ன்னு யாரோ இப்பவே ஸ்கிப் பட்டன் மேல கை வெச்சிருப்பீங்க. கொஞ்சம் இருங்க.

ஒர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கு வந்திருக்கேன். ஊரு வேப்பந்தட்டை. பெரம்பலூர்ல இருந்து ஆத்தூர் போற ரோட்டுல வரும். பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கற ஊரு. சுத்துவட்டாரம் பூரா பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். பீட்சாவுக்கும் எங்க ஊருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

அக்கா பையனுக்கு ஆறு வயசு. அவனுக்குப் பால் அலர்ஜி. ஒரு பிறந்தநாள் விழாவுல எல்லாப் பசங்களும் பீட்சா சாப்பிட, இவன் மட்டும் அக்கா கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கான். அழலையாம். வீட்டுக்கு வந்து என்கிட்ட மெதுவா கேட்டான்: "மாமா, பீட்சா எப்படி இருக்கும்?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? "ஞாயித்துக்கிழமை செஞ்சு தரேன்டா"ன்னு சொல்லிட்டேன்.

எனக்கு ரொம்ப சிம்பிளா தெரிஞ்சுது. ரெடிமேட் பேஸ் வாங்குவோம், சீஸ் போடாம விடுவோம், முடிஞ்சுது. பெரம்பலூர் போய் பேஸ் வாங்கிட்டு வந்து கிச்சன்ல வெச்சேன். அக்கா கவரைத் திருப்பிப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசாம என் கையில கொடுத்தாங்க. பொடி எழுத்துல, பொருட்கள் பட்டியலோட கடைசியில, மில்க் சாலிட்ஸ். சீஸைத்தான் எடுத்தேன், பாலு உள்ளேயே உட்கார்ந்திருக்கு. "தம்பி, உனக்கு இது ஒரு நாள் சமையல். எனக்கு தினமும் இதான் வேலை"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு நான் பேசவே இல்ல.

இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா நானே குழப்பிட்டு இருந்தேன். பால் குடிச்சா வயிறு உப்புது, கலக்குதுன்னு நம்ம ஃப்ரெண்ட்ஸ் சொல்வாங்களே, அது லாக்டோஸ் செரிக்காத பிரச்சினை. பால்ல இருக்கற சர்க்கரையை உடைக்கற என்சைம் குறைவா இருக்கும். தொந்தரவுதான், ஆனா உயிருக்கு ஆபத்து இல்ல. பால் அலர்ஜி வேற. பாலோட புரதத்தை உடம்பு எதிரியா நினைச்சு சண்டை போடுது. கொஞ்சூண்டு போதும், சில பேருக்கு மூச்சு வரைக்கும் பாதிக்கும். அதனால "ஒரு துளிதானே" அப்படிங்கற பேச்சுக்கே இடம் இல்ல. நெய்யும் சேராது, ஏன்னா அதுலயும் புரதம் மிச்சம் இருக்கலாம். நம்ம நாட்டுல 2020-ல வந்த லேபிளிங் விதிமுறைப்படி, பாக்கெட்ல பால் இருந்தா அதைத் தனியா அறிவிக்கணும். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட், எல்லாமே பால்தான். லேபிளைப் படிங்க.

சரி, பேஸையும் நாமளே செய்வோம்னு முடிவு. ஆனா சீஸ் இல்லாதது பீட்சாவான்னு ஒரு சந்தேகம் எனக்கே இருந்துச்சு. தேடிப் படிச்சா, பீட்சாவோட சொந்த ஊரான நேப்பிள்ஸ்லயே மரினாரான்னு ஒண்ணு இருக்கு. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். அவ்வளவுதான். 1984-ல அந்த ஊர்ல ஆரம்பிச்ச பீட்சா சங்கம், அசல் நேப்பிள்ஸ் பீட்சான்னு ஏத்துக்கற ரெண்டு வகையில இது ஒண்ணு, இன்னொண்ணு மார்கரீட்டா. 2017-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் அந்த ஊர்க்காரங்களோட பீட்சா செய்யற கலைதான். தைரியம் வந்துச்சு.

அடுத்து நம்ம புத்தி. ஒரு லைப்ரரியைத் தூக்கினா, அது செஞ்சிட்டு இருந்த வேலையை யார் செய்வாங்கன்னு பார்க்கணும்ல? சீஸ் பீட்சா மேல நாலு வேலை பார்க்குது. கொழுப்பு, உப்பு, அந்த நாக்கை இழுக்கற உமாமி ருசி, அப்புறம் சாஸ் காஞ்சு போகாம மூடி வெக்கறது. நூல் மாதிரி இழுபடறது அஞ்சாவது. அதுக்கு மாத்து இல்ல, விட்டுட்டேன். முந்திரி அரைச்சு சீஸ் மாதிரி செய்யலாம்னு வீடியோல காட்டறாங்க. பக்கத்துல ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்குப் பஞ்சமே இல்ல. ஆனா முந்திரியும் அலர்ஜி தரக்கூடியது, டாக்டர்கிட்ட கேக்காம வேணாம்னு அக்கா சொல்லிட்டாங்க.

மாவு முந்தின நாள் ராத்திரியே. மைதா 250 கிராம், தண்ணி 160 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. எங்க ஊர் வெயில்ல வெளிய விட்டா பாத்திரத்தை விட்டு இறங்கி நடந்து போயிடும். காலையில எடுத்து மூணு உருண்டை பிடிச்சு, ரெண்டு மணி நேரம் மூடி வெச்சேன்.

சாஸ்தான் உயிர். எட்டு நாட்டுத் தக்காளியை அரைச்சு, கடலை எண்ணெய்ல பத்துப் பல் பூண்டு, ரெண்டு காஞ்ச மிளகா தாளிச்சு, எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்ட விட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "தக்காளித் தொக்குடா இது"ன்னாங்க. ஆமா, தொக்கேதான்! உமாமிக்குக் காரணமான குளூட்டமேட் தக்காளியிலயே இருக்கு, தண்ணி சுண்டச் சுண்ட அது கெட்டியாகுது. எண்ணெய் மிதக்கறதால மேல காஞ்சும் போகல. இன்னொரு பக்கம் ரெண்டு கை சின்ன வெங்காயத்தை உப்பு போட்டு, சின்ன தீயில இருபது நிமிஷம், தேன் கலர் வர வரைக்கும் வதக்கினேன். அவசரப்பட்டா கருகும். அந்த இனிப்பு வந்தாத்தான் தொக்கோட புளிப்பு அடங்கும்.

எங்க வீட்ல ஓவன் இல்ல, தோசைக்கல்தான். ஆனா எங்க கல்லுல வருஷக் கணக்கா நெய் ஊத்தின தோசை ஊறியிருக்கு. அக்கா அவங்க வீட்டுக் கல்லையே எடுத்துட்டு வந்துட்டாங்க. நல்லா சூடான கல்லுல மாவைத் தட்டிப் போட்டு ரெண்டு நிமிஷம். திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்துல தொக்கு, வெங்காயம். தீயைக் குறைச்சு, மூடி போட்டு அஞ்சு நிமிஷம். முதல் பீட்சா அடி கருகிடுச்சு, அதை நான் சாப்பிட்டேன். ரெண்டாவது சரியா வந்துச்சு. மேல கொஞ்சம் பச்சைக் கடலை எண்ணெய், உப்பு.

தட்டுல வெச்சதும் பையன் கை வெக்கல. "மாமா, இதுல பால் இல்லைல?"ன்னு கேட்டான். ஆறு வயசுல கத்துக்கிட்ட கேள்வி. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவனே அக்கா முகத்தைப் பார்த்தான். அக்கா தலையாட்டினாங்க. அதுக்கப்புறம் மூணு துண்டு. உறைப்புக்கு மூக்கு ஒழுகுது, விடல.

நாலாவது துண்டை மட்டும் தனியா எடுத்து வெக்கச் சொன்னான். நாளைக்கு ஸ்கூல் டப்பாவுக்காம்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே, டாட்டா.