பிள்ளை எந்தக் கணினி மொழி படிப்பது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவு, இளைஞர் பிரிவு ஆகியோரின் கூட்டத்தில் எமது சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் காரியாலயத்துக்கு முன்பெல்லாம் சம்பளத் துண்டையும் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தையும் கொண்டு வருவீர்கள். இப்போது அவற்றோடு ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரத்தையும் மேசையில் வைக்கிறீர்கள். "மகன் ஏ.எல். எழுதிட்டான். கம்பியூட்டர் படிக்கப் போறானாம். இதில ஜாவான்னு போட்டிருக்கு, அதில பைத்தன்னு போட்டிருக்கு. எதுக்குக் காசு கட்டுறது?" இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தவறான வகுப்பில் சேர்ந்தால் ஆறு மாதம் வீணாகும். எங்கள் பிள்ளை சேர்ந்தால் அம்மாவின் தோடு அடகுக் கடையோடு போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கொழும்புக்குப் படிக்கப் போவதில்லை, கடைக்கு நிற்கத்தான் போகிறது.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். பல வருடங்களுக்கு முன்பு காரியாலயத்தின் பின்னறையில் பழைய கணினிகள் சிலவற்றை வைத்து வகுப்பு நடத்தினோம். தட்டச்சு, கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தோம். அதற்கே மாலை போட்டுச் சான்றிதழும் கொடுத்தோம். கணினியைப் பாவிப்பது வேறு, கணினிக்கு வேலை சொல்லிக் கொடுப்பது வேறு. அந்த வித்தியாசம் அன்று எங்களுக்கே தெரியாது. அந்த வகுப்பில் படித்து எவரும் மென்பொருள் வேலைக்குப் போகவில்லை.

கணினிக்கு வேலை சொல்லிக் கொடுப்பது என்றால் என்ன? நமக்குத் தெரிந்த கணக்கையே எடுப்போம். 2024இல் சம்பள நிர்ணய சபையின் மூலம் நாட்சம்பளம் 1,350 ரூபா என்றும், மேலதிகமாகப் பறிக்கும் கிலோவுக்கு 50 ரூபா என்றும் வந்தது. ஒரு தோட்டத்தில் நாளுக்கு 20 கிலோ கேட்கிறார்கள் என்று வையுங்கள். (இது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அந்தச் சண்டை வேறு.) ஒரு அக்கா 24 கிலோ பறித்தார். 1,350உடன் நாலு ஐம்பது, மொத்தம் 1,550. இதை நீங்கள் மனதிலேயே போட்டுவிடுவீர்கள். கணினிக்குச் சொல்வதென்றால் இப்படிச் சொல்ல வேண்டும்: கிலோவை வாங்கு. அது 20ஐ விட அதிகமா என்று பார். அதிகம் என்றால் மிச்சத்தை 50ஆல் பெருக்கி 1,350உடன் கூட்டு. இல்லையென்றால் 1,350ஐ மட்டும் போடு. இதையே மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் செய். கடைசியில் சேமலாப நிதிக்கு உரியதைக் கழி.

ஒரு செய்நிரல் என்பது அடிப்படையில் இதுதான். இதில் "பார்" என்பது நிபந்தனை, "ஒவ்வொரு நாளுக்கும்" என்பது மீள் சுழற்சி. இவை பைத்தனிலும் உண்டு, ஜாவாவிலும் உண்டு, ஜாவாஸ்கிரிப்டிலும் உண்டு. ஜாவாவில் வளைந்த அடைப்புக்குறிக்குள் எழுதி, கட்டளை முடியும் இடத்தில் அரைப்புள்ளி போட வேண்டும். பைத்தனில் அடைப்புக்குறி வேண்டாம், ஆனால் வரியை ஒழுங்காக உள்தள்ளி எழுதாவிட்டால் அது வேலை செய்யாது. யோசனை ஒன்று, உடுப்புத்தான் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில தோட்டங்களில் மின் தராசு வந்துவிட்டது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிக்கும் பழக்கம் தராசு மாறியும் மாறவில்லை. முன்பு அது கணக்கப்பிள்ளையின் பென்சிலில் இருந்தது. இனி அது யாரோ ஒருவர் எழுதிய ஒரு வரி நிரலில் இருக்கப் போகிறது. பென்சிலைப் பார்த்து நாங்கள் சண்டை போட்டோம். அந்த வரியை வாசிக்கத் தெரிந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

இனி மொழிக்கு வருவோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி நகரத்துக் கல்வி நிலையம் ஒன்றில் விஷுவல் பேசிக் 6 படித்தார். படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது என்று. அந்த நிலையத்தாருக்கு அதைத் தவிர வேறு கற்பிக்க ஆள் இல்லை, அதனால் அதையே விற்றார்கள். கட்டிய காசு போனதுதான். ஆனால் அந்தத் தம்பி முட்டாளாகவில்லை. நிபந்தனையும் சுழற்சியும் கையில் இருந்தபடியால், பிறகு ஜாவாஸ்கிரிப்டைத் தானாகவே பிடித்துக்கொண்டார். மொழி செத்தாலும் கற்றது முழுக்கச் சாவதில்லை. ஃபிளாஷ் என்ற மென்பொருள் 2020 டிசம்பருடன் முடிந்து போனது. அதில் எழுதிய ஆக்ஷன்ஸ்கிரிப்ட்காரர்கள் பலர் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறினார்கள். இரண்டும் ஒரே குடும்பம்.

அப்படியென்றால் எதுவானாலும் சரியா? இல்லை. கையில் இருப்பதைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை பாடத்திட்டத்திலேயே பைத்தன் படிக்கிறது, அதுவும் தமிழ் மொழிமூலம். அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குக் காசு கட்டுவது ஏன்? கணினி இல்லாத வீட்டிலும் அன்ட்ரொயிட் போனில் பைத்தன் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். சின்னத் திரையில் கண் நோகும், உண்மைதான். ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு அது போதும். ஆகவே தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு எங்கள் முதல் சொல் பைத்தன்.

அதில் ஒரு குறை உண்டு. பைத்தன் மட்டும் தெரிந்த புதியவருக்கு முதல் வேலை கிடைப்பது கஷ்டம். தரவு, செயற்கை நுண்ணறிவு என்று அது பெரிதாகப் பாவிக்கப்படும் இடங்களில் பெரும்பாலும் பட்டமும் கணிதமும் கேட்பார்கள். பட்டம் இல்லாமல் வேலைக்குள் நுழைய நினைக்கும் பிள்ளை வலைத்தளப் பக்கம் போவது நல்லது. அங்கே எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., அதன் மேல் ஜாவாஸ்கிரிப்ட். செய்த வேலையை ஒரு இணைய முகவரியில் போட்டுக் காட்டலாம் என்பதால், சான்றிதழ் இல்லாத குறையை அது ஓரளவு மறைக்கும். ஜாவாவும் சி ஷார்ப்பும் வங்கிகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் எழுதும் இடங்களில் ஓடுகின்றன. பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளை அவற்றை அங்கேயே சந்திக்கும். ஐபோனுக்கு எழுதும் ஸ்விஃப்ட் மொழியைக் கவர்ச்சியாக விளம்பரம் செய்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் அப்பிள் கம்பெனியின் மெக் கணினி வேண்டும். அதன் விலையை முதலில் விசாரியுங்கள்.

காசு கட்டாத வழிகளும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாக நடத்தும் பயிற்சியில் பைத்தனையும் வலைத்தள வடிவமைப்பையும் ஆரம்பத்திலிருந்து படிக்கலாம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, பரீட்சை ஆங்கிலத்தில்.

ஆங்கிலம் என்றதும் பல பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். பைத்தனில் அந்த மொழிக்கென்று ஒதுக்கிய சொற்கள் 35 அளவில்தான். ஒரு கிழமையில் பாடமாகிவிடும். கஷ்டம் அங்கே இல்லை. பிழை வந்தால் கணினி ஆங்கிலத்தில் சொல்லும், அதை வாசித்து விளங்க வேண்டும். வேலைக்குப் போன பிறகு கடிதமும் கூட்டமும் ஆங்கிலம். ஆகவே கட்டுவதற்குக் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால், அதை ஆங்கில வகுப்புக்குக் கட்டுங்கள் என்பது எங்கள் கருத்து. கல்விக் குழுவில் இரண்டு பேர் இதை ஏற்கவில்லை. அவர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும்: ஆங்கிலம் வரட்டும் என்று காத்திருந்தே வயது போய்விடும், நிரலோடு சேர்த்தே ஆங்கிலமும் வரும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இளைஞர் பிரிவில் ஒரு தங்கை கேட்டார்: இப்போது கணினியே நிரல் எழுதுகிறதாமே, நாங்கள் ஏன் படிக்க வேண்டும்? எழுதுகிறது, உண்மைதான். தப்பாகவும் எழுதுகிறது. 24 கிலோவுக்கு 1,550 வர வேண்டிய இடத்தில் 2,550 என்று போட்டால், அதைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் சுலபமான சின்ன வேலைகள் குறையலாம், அதை மறைக்க மாட்டோம். மேலோட்டமாக ஆறு மொழி தெரிந்தவரை விட, ஒன்றை ஆழமாகத் தெரிந்தவருக்கே அப்போது இடம் இருக்கும். ஒரு மொழியை எடுத்தால் ஒரு வருடம் அதை விடாதீர்கள்.

இதெல்லாம் நமக்கு எட்டாத தூரம் என்றும் சிலர் சொல்கிறார்கள். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையவழிக்கு மாறியது. நீங்கள் பறித்த கொழுந்துக்கு இன்று விலை ஏறுவதும் இறங்குவதும் ஒரு மென்பொருளுக்குள்தான். இலண்டன் பங்குச் சந்தை 2009இல் மிலேனியம் ஐ.டி. என்ற இலங்கைக் கம்பெனியை வாங்கி, அவர்களின் மென்பொருளிலேயே தன் வியாபாரத்தை நடத்தியது. பெலரினா என்று ஒரு கணினி மொழியே இந்த நாட்டுக் கம்பெனி ஒன்றில் உருவானது. முதலில் படிக்க அதை நாங்கள் சொல்லவில்லை, அதற்கான வேலைகள் குறைவு. ஆனால் இந்த நாட்டில் இருந்துகொண்டு மொழியையே உண்டாக்க முடிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த வகுப்புக்கும் முற்பணம் கட்டும் முன், அந்தத் துண்டுப்பிரசுரத்தைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். கற்பிப்பவர் எங்கே வேலை செய்தவர், சென்ற வருடம் முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே, இடையில் நின்றால் காசு திரும்பக் கிடைக்குமா என்று நாங்களே அவர்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறோம். வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். உங்கள் சம்பளத் துண்டும் இருக்கட்டும். அந்தக் கணக்கைப் போனில் எழுதிப் பார்ப்பதுதான் முதல் பாடம்.