வயதுக்கும் ஒரு பாடு உண்டு
(ஜூபிலி விழாப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"மனித வளர்ச்சியும் மனோதத்துவமும்" என்று பெரிய தலைப்பைத் தந்து, அரை மணி நேரத்தையும் தந்திருக்கிறீர்கள். பொன்னேரியிலிருந்து பேருந்தில் வரும்போதே நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்: ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர்கள் முன்னால் புத்தகத்தை ஒப்பிக்க வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குவோம் என்று.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருப்பது நாங்கள் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. யாருக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்று முறை வைத்து வலை போடுகிறீர்கள். மனித வயதுக்கும் அப்படி ஒரு முறை உண்டு என்பதே மனோதத்துவத்தின் முதற்பாடம். வளர்ச்சி என்றால் குழந்தை வளர்வது மட்டுமே என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1950-ல் எரிக் எரிக்சன் என்ற அறிஞர், பிறப்பு முதல் முதுமை வரை வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் மனம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டென்று எழுதினார். கைக்குழந்தைக்கு நம்பிக்கை, பள்ளிப் பிள்ளைக்கு 'என்னால் முடியும்' என்ற ஊக்கம், வாலிபனுக்கு 'நான் யார்?' என்ற கேள்வி. நடுவயதினருக்கு அடுத்த தலைமுறையை ஆளாக்கும் அக்கறை. முதியவருக்கு வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்ளும் நிறைவு. ஒரு பருவத்தில் தவறியது பின்னால் கிடைக்கவே கிடைக்காது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறைக்குக் காத்திருப்பது என்னவென்று பாடு தவறியவருக்குத் தெரியும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் சொன்னது தமிழ். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இன்னும் நுட்பம். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைதட்டும் சப்பாணி, ஓராண்டு வாக்கில் தளர்நடையிட்டு வரும் வருகை. இன்று குழந்தை மருத்துவர் கையில் இருக்கும் அட்டவணையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தாய்மார்கள் மடியில் வைத்துப் பார்த்ததைத்தானே புலவர்கள் பாடினார்கள்!

ஏழு வயதைப் பற்றி ஒரு சொல். சுவிட்சர்லாந்து நாட்டின் பியாஜே, சிறுவயதில் ஏரி நத்தைகளை ஆராய்ந்தவர். பிறகு குழந்தைகளின் சிந்தனையை ஆராயப் புகுந்தார். ஒரே அளவுத் தண்ணீரை அகன்ற பாத்திரத்திலிருந்து ஒல்லியான உயரக் குவளையில் ஊற்றிக் காட்டினால், நாலு வயதுப் பிள்ளை "இதில்தான் அதிகம்" என்கும். ஏழு வயதை ஒட்டித்தான் "ஊற்றியது அதே தண்ணீர்தானே" என்று சொல்லத் தொடங்கும். இன்று இரவு வீட்டில் நீங்களே செய்து பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், புதுநன்மைக்கு ஏழு வயதளவில் வரும் புத்தி விவரமே போதும் என்று பத்தாம் பத்திநாதர் 1910-லேயே வழி திறந்துவிட்டார். பியாஜே அப்போது பள்ளி மாணவர்!

இனி நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தோம்.

நாங்கள் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒரு பையனின் மதிப்பெண் அட்டையில் "கணக்கு வராது" என்று எழுதினோம். அவனுடைய தந்தை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுவாரமே பையன் படகுக்குப் போய்விட்டான். எட்டாம் வகுப்பு முடியவில்லை. சில மாதங்கள் கழித்து அவனை இறால் விற்கும் இடத்தில் பார்த்தோம். கிலோ 280 ரூபாய் வீதம் மூன்றே முக்கால் கிலோ. வியாபாரி கணக்குப் பொறியை எடுக்குமுன் "ஆயிரத்து ஐம்பது" என்றான். எங்களைப் பார்த்து வணக்கமும் சொன்னான். நாங்கள்தான் தலை குனிந்தோம்.

பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 1985-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகள், வயது 9 முதல் 15 வரை. வாங்குபவர் போல் நின்று கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்கைத் தாளில் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37-தான்! ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று பன்னிரண்டு வயதுப் பையனைக் கேட்டார்கள். "மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210..." என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்றான். பத்தால் பெருக்கச் சுழியம் சேர்த்தால் போதும் என்பது பள்ளி வழி. அவன் வழி வேறு, அவ்வளவுதான். மூளையில் குறை இல்லை; ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஏற்றிவிட ஆள் இல்லை. அந்த ஆள் நாங்களாக இருந்திருக்க வேண்டும்.

ஆகையால் பெற்றோரே, "இவனுக்குப் படிப்பு ஏறாது, வலையாவது பிடிக்கட்டும்" என்று பதின்மூன்று வயதில் முடிவு கட்டாதீர்கள். தொழில் இழிவென்று நாங்கள் சொல்லவில்லை. ஏரியைக் கற்கட்டும், விடுமுறையில் படகேறட்டும். ஆனால் 'நான் யார்?' என்று தேட வேண்டிய வயதில், விடையை நாமே எழுதி அவன் கையில் திணித்துவிட்டால், முப்பது வயதில் அந்தக் கேள்வி வேறு வேடத்தில், சில வீடுகளில் சாராயப் புட்டியோடு, வந்து நிற்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் இதே நியாயந்தான். அவர்களிடம் கேள்வியைக்கூட நாம் விட்டுவைப்பதில்லை.

நடுவயதினரைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. எரிக்சன் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டவர் நம் காந்தியடிகள். 1918-ல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை நடத்தியபோது அடிகளுக்கு 48 வயது. அதைப் பற்றிய எரிக்சனின் நூலுக்கு 1970-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 48 வயதில் 'இனி என்ன இருக்கிறது' என்று திண்ணையில் சாய்கிறவர்கள் கவனிக்க!

முதியவர்கள் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். வயதானால் எல்லாம் போய்விடும் என்பது பாதிதான் உண்மை. கையின் வேகம், புதியதைச் சட்டென்று பிடிக்கும் வேகம், இவை குறையும். சேர்த்து வைத்த அறிவு எழுபதிலும் நன்றாகவே நிற்கும். ரூபின்ஸ்டைன் என்ற பியானோக் கலைஞர் எண்பது வயதில் எப்படிச் சமாளித்தாராம்? வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்தார். அவற்றையே அதிகம் பழகினார். வேகமான இடத்துக்கு முன் சற்று மெதுவாக வாசித்தார், கேட்பவருக்கு அடுத்தது வேகமாகத் தோன்றும்படி. ஜெர்மானிய அறிஞர் பால் பால்டஸ் இதைத்தான் நல்ல முதுமைக்கு உதாரணமாகக் காட்டினார்.

முழங்கால் வலியால் படகேற முடியாத பெரியவர் ஒருவரை நாங்கள் அறிவோம். முகத்துவாரத்தில் மணல் எந்தப் பக்கம் ஏறுகிறது, வாடைக் காற்றுக்கு எந்த மீன் எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டில் அவரிடம் கேட்பது "சாப்பிட்டீர்களா?" என்ற ஒன்றைத்தான். அதே வீட்டில் ஏழாம் வகுப்புப் பேரன் இருக்கிறான், கணக்கில் தடுமாறுகிறான். தாத்தா அந்தக் காலத்து விலையையும் எடையையும் சொல்ல, பேரன் தாளில் எழுதிக் கணக்குப் போடட்டும் என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வந்தோம். போன வாரம் போனபோது நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்திருந்தது. நாலு கணக்கு தப்பு. இரண்டைத் தாத்தாவே கண்டுபிடித்திருக்கிறார்.

கோவில் மணி அடிக்கப் போகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.