கூண்டில் நிற்பவர் யார்?

கடல் கடந்து உழைக்கப் போனவர்களையும், அவர்கள் விட்டுப்போன வீடுகளையும் பிலிப்பைன்ஸ் சினிமா எப்படிக் காட்டியிருக்கிறது என்பதே இந்தக் கருத்தரங்கில் பேசப்படவிருக்கும் பொருள்.

ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்கலாம். மணிலா விமான நிலையத்தில் பயணிகள் பெட்டிக்காகக் காத்து நிற்கும் இடத்தில் அதைப் பார்க்கலாம். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, கயிறு கட்டி, நாலு பக்கமும் தடித்த எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். உள்ளே சோப்பு, ஷாம்பூ, சாக்லேட், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, குளியல் துண்டு, பிள்ளைகளுக்குச் செருப்பு. அந்தச் செருப்பு பல வீடுகளில் காலுக்குச் சேராது. வாங்கியவர் மனதில் பிள்ளையின் கால் அவர் விட்டுப்போன அளவிலேயே நின்றுவிட்டிருக்கும். பாலிக்பாயன் பெட்டி என்று இதற்குப் பெயர். பாலிக்பாயன் என்றால் நாடு திரும்புபவர். இந்தப் பெட்டி பிரிக்கப்படும் கூடத்தில்தான் பிலிப்பைன்ஸின் மிகப் பெரிய குடும்பக் கதைகள் வெடிக்கின்றன.

அந்நாட்டுப் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2023இல் வெளிநாட்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் மக்கள் 21 லட்சத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அதே ஆண்டு வங்கிகள் வழியாக நாட்டுக்கு வந்து சேர்ந்த பணம் 3,300 கோடி டாலரைத் தாண்டியது.

இது தானாக நடந்ததல்ல. எண்ணெய் விலை ஏறி, வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியிருந்த 1974இல் அதிபர் மார்கோஸின் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டம், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. முதலில் வளைகுடாவின் கட்டுமானத் தளங்களுக்கு ஆண்கள் போனார்கள். பிறகு ஹாங்காங், சிங்கப்பூர், இத்தாலி என்று வீட்டுவேலைக்குப் பெண்கள் போனார்கள். 1982இல் வந்த ஓர் அரசாணை, சம்பளத்தில் பாதி முதல் எண்பது விழுக்காடு வரை கட்டாயமாக ஊருக்கு அனுப்பச் சொன்னது. ஹாங்காங்கிலிருந்த பெண்கள் அமைப்பாகத் திரண்டு அதை எதிர்த்தார்கள். 1988இல் அதே ஹாங்காங்கில் அதிபர் கொரசோன் அக்கினோ அவர்களைப் ‘பகோங் பயானி’ என்று அழைத்தார். புதிய வீரர்கள் என்று பொருள்.

சினிமா இந்தப் பயணத்தைச் சீக்கிரமே கவனித்துவிட்டது. கிட்லாட் தாஹிமிக் 1977இல் எடுத்த ‘நறுமணக் கொடுங்கனவு’ படத்தில் ஜீப்னி என்ற சிற்றுந்தை ஓட்டும் கிராமத்து இளைஞன் மேற்கின் மீது மையல் கொண்டு பாரிஸ் போகிறான், மையல் தெளிகிறான். கில் போர்ட்டெஸ் 1984இல் இயக்கிய ‘மெரிக்கா’வில் நோரா அவுனோர் நியூஜெர்சியில் பணிபுரியும் செவிலி. அவருடைய தனிமையைப் படம் அவசரப்படாமல் பின்தொடர்கிறது. இந்த இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: போவதா, திரும்புவதா?

1995இல் கேள்வியே மாறிப்போனது. சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த ஃபுளோர் கொன்டெம்பிளாசியோன் இரட்டைக் கொலை வழக்கில் மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றவாளி என்பதைப் பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பாலோர் நம்ப மறுத்தார்கள். நாடு கொதித்தது, வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார், ஜூன் மாதத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டிலேயே ஜோயல் லமாங்கன் ஃபுளோரின் கதையை நோரா அவுனோரை வைத்துப் படமாக்கினார். கெய்ரோ திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கப் பிரமிடு விருது கிடைத்தது. நோரா சிறந்த நடிகையானார். டிகோய் அகிலூஸ் ஹெலன் கம்போவாவை வைத்து எடுத்த இன்னொரு படமும் அதே ஆண்டில் வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘பகோங் பயானி’. அதிபர் சூட்டிய பட்டத்தைத் தூக்குமேடையில் நின்ற பெண்ணுக்கு மாட்டி, அரசைப் பார்த்து அவர் கேட்டார்: உன் வீரர் இவர்தானே? அந்த ஆண்டில் சினிமாவின் குற்றவாளிக் கூண்டில் நின்றது அரசு.

ஐந்தே ஆண்டுகளில் அந்தக் கூண்டில் ஆள் மாறியது.

2000இல் வந்த ‘அனாக்’கை இந்தக் கருத்தரங்கு எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து சேரும் படம் எனலாம். அனாக் என்றால் பிள்ளை. ரோரி கின்தோஸ் இயக்கம். திரைக்கதையில் ரிக்கி லீயின் கை இருக்கிறது. ஹாங்காங்கில் பல ஆண்டு வீட்டுவேலை செய்த ஜோசி, பெட்டியும் பரிசுகளுமாக ஊர் திரும்புகிறாள். வில்மா சாந்தோஸ் அந்த வேடத்தில். கணவர் இறந்தபோது அவளால் வர முடியவில்லை. கடைக்குட்டிக்கு அம்மா வேற்றாள். மகன் படிப்பில் சரிந்திருப்பதை மறைக்கிறான். கிளாடின் பர்ரெட்டோ நடித்த மூத்த மகள் கார்லா, அம்மா என்ற சொல்லையே வாயில் வைத்துக் கசப்போடு மெல்கிறாள். குடி, புகை, போதை எல்லாம் அவள் தாய்க்கு எழுதும் குற்றப்பத்திரிகை.

பிலிப்பைன்ஸில் வீட்டுக்கு வீடு மனப்பாடமாகியிருக்கும் மோதல் காட்சி இதற்குப் பிறகு வருகிறது. நீ குடிக்கும்போதும், புகைக்கும்போதும், நான் அனுப்பிய காசைக் கரைக்கும்போதும், அதை அனுப்ப நான் எத்தனை வேளை வயிற்றைக் கட்டினேன், எத்தனை ஆண்டு தனியே தூங்கினேன் என்று நினைத்துப் பார்த்திருக்கலாமே என்கிறாள் ஜோசி. கூண்டில் நிறுத்தப்பட்டவளே தன் வழக்கைத் தானே வாதாடுகிறாள். திரையரங்குகளில் தாய்மாரும் மகள்களும் சேர்ந்து அழுத காட்சி அது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவளை அனுப்பிய கொள்கை அந்த அறையில் இல்லை. ஊரில் கட்டுப்படியாகும் வேலை ஏன் இல்லை என்று மகளும் கேட்கவில்லை, தாயும் கேட்கவில்லை. சேமிப்பைப் போட்டு ஊரிலேயே பிழைக்கப் பார்க்கும் முயற்சி கைகூடாமல் ஜோசி மறுபடி விமானம் ஏறும்போது, குடும்பம் சமாதானமாகியிருக்கிறது. ஏற்றிவிட்ட காரணம் அப்படியே இருக்கிறது. ஒரு நாட்டின் பொருளாதார வழக்கு, தாய்க்கும் மகளுக்கும் நடுவே நடக்கும் வழக்காகச் சுருங்கிவிட்டது. ‘அனாக்’கின் பலமும் பலவீனமும் இதுவே.

சமூகவியலாளர் ரசல் சலசார் பர்ரேன்யாஸ் பிலிப்பைன்ஸில் இத்தகைய குடும்பங்களை நேரில் ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். தாய் வெளிநாடு போனால் பிள்ளை வளர்ப்பைத் தந்தையர் பெரும்பாலும் தோளில் ஏற்பதில்லை, மூத்த மகளும் பாட்டியும் சித்தியுமே சுமக்கிறார்கள் என்று காட்டினார். அப்படியிருந்தும் பழி தாய்க்கே போகிறது. கார்லாவின் கோபத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது வேறாகத் தெரியும். தாய் விட்டுப்போன வேலையைத் தலையில் வாங்கிக்கொண்ட சிறுமி அவள்.

அடுத்து வந்த படங்கள் ஊர்ப்பெயர்களாகவே வரிசைகட்டின: ‘மிலான்’ 2004இல், ‘துபாய்’ 2005இல். 2008இல் சித்தோ ரோன்யோவின் ‘கேர்கிவர்’ படத்தில், ஊரில் ஆசிரியையாக இருந்த பெண் லண்டனில் முதியவர்களைக் குளிப்பாட்டிப் பராமரிக்கும் வேலைக்கு வருகிறாள். நடித்தவர் ஷரோன் குனேத்தா. படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் நடுவிலுள்ள அவமானத்தை வெகுஜனப் படம் ஒன்று நிதானமாகப் பேசியது.

கூண்டின் கதவைத் திறந்தவை பிறகு வந்த மூன்று படங்கள். ஹன்னா எஸ்பியாவின் ‘டிரான்சிட்’, 2013இல் சினிமலாயா திரைப்பட விழாவின் சிறந்த படம். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளை நாடுகடத்த இஸ்ரேல் எடுத்த முடிவுக்கு அஞ்சி, நான்கு வயதுச் சிறுவனை வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கும் குடும்பத்தின் கதை அது. ஒரே நாட்களை ஒவ்வொருவர் கண்வழியாகவும் திரும்பச் சொல்கிறது. இங்கே பிள்ளை கூடவே இருக்கிறான், இருப்பதுதான் குற்றமாகிறது. குற்றஞ்சாட்டுவது மகள் அல்ல, சட்டம்.

பேபி ரூத் வில்லராமாவின் ‘சண்டே பியூட்டி குவீன்’ 2016இல் மெட்ரோ மணிலா விழாவில் சிறந்த படமானது. அந்த விழாவின் போட்டிக்குள் நுழைந்த முதல் ஆவணப்படமும் அதுவே. ஹாங்காங் பணிப்பெண்கள் தங்கள் ஒரே ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் அழகிப்போட்டி நடத்துகிறார்கள். மாலை வரை கவுன், கிரீடம், குதிகால் உயர்ந்த செருப்பு. இரவுக்குள் முதலாளி வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அங்கேயே தங்குவது கட்டாயம். வேலை போனால் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். இந்தப் பெண்களுக்கு நடிகை தேவைப்படவில்லை, வக்கீலும் தேவைப்படவில்லை. தாங்களே பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள்.

கேத்தி கார்சியா-மொலினாவின் ‘ஹலோ, லவ், குட்பை’ 2019இல் அதுவரை எந்தப் பிலிப்பைன்ஸ் படமும் காணாத வசூலைக் கண்டது. செவிலியர் படிப்பு முடித்து ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் ஜாய் காதலனையும் விட்டு கனடா போகிறாள். அவளை யாரும் தண்டிக்கவில்லை, படமும் தண்டிக்கவில்லை. போவது இங்கே தியாகமோ துரோகமோ ஆகாமல், ஓர் இளம்பெண்ணின் முடிவாக இருக்கிறது. ஆனால் ஊர் திரும்புவது என்ற சொல் அவள் திட்டத்தில் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்குக் காத்திருக்கும் இடங்கள் இன்னும் நிறைய. உலகில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இல்லாத துறைமுகம் அரிது. அவர்களைப் பற்றிய படங்களோ மிகக் குறைவு. வீட்டில் தங்கிவிட்ட கணவர்கள் திரையில் குடிகாரர்களாகவோ இறந்தவர்களாகவோ வந்துபோகிறார்கள். பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகளுக்கு முழுப் படம் கிடைப்பது அபூர்வம். இந்தப் படங்களை வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்துப் பார்ப்பவர்களும் அதே தொழிலாளர்கள்தான். அவர்கள் கண்ணீர் தயாரிப்பாளருக்கு வருமானமும் ஆகிறது என்பதை மரியாதையோடு, ஆனால் நேராகப் பேச வேண்டும்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தப் படத்தை எடுத்தாலும் இரண்டைக் குறித்துவையுங்கள்: இதில் யார்மேல் குற்றம் சுமத்தப்படுகிறது, சாட்சி சொல்ல யாருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை?

முதல் அமர்வுக்கு முன்பாக ‘அனாக்’கின் அந்த மோதல் காட்சி இந்த அரங்கில் திரையிடப்படும். கார்லாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஜோசியின் பேச்சைக் கேளுங்கள். விளக்கு போட்டதும் முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.